முபீனா பொட்டி

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மிக்கேலின் ரிப்பேர் கடைக்கு வருகிற மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார்களில் பாதிக்குப் பிளக் இருக்காது. கருகிப்போன பிளக்கை வீட்டுக்காரர்களே வெட்டி எறிந்திருப்பார்கள். வயல் மோட்டாருக்குப் பிளக் என்று ஒன்று முதலிலிருந்தே கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த வயர் முனைகள்தான் தொங்கும். அப்படி மொட்டையாக வந்து சேரும் சாமானைக் கரண்டில் போட்டுப் பார்க்க அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தார்கள். வயர் முனையைச் சீவி முறுக்குவார்கள். சுவரிலிருக்கும் பிளக் பாயின்ட்டின் ஓட்டையில் அதைச் செருகுவார்கள். கழன்று விழாமலிருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சியை உடன் சொருகி அழுத்துவார்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும். அவ்வளவுதான் சோதனை.

முபீனாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி, வாழ்க்கைப்பட்டது விருத்தாசலம். கணவர் அமீனுதீன் வளைகுடாவில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், அரசு நடத்திய பயிற்சி ஒன்றில் சேர்ந்து மோட்டார் வைண்டிங் கற்றுக்கொண்டாள். உடன் சேர்ந்த பெண்களில் பலர் பாதியிலேயே தையலுக்கு மாறிப் போனார்கள். அவள் மாறவில்லை. செம்புக் கம்பி சுற்றச் சுற்ற வரிசை பிசகாமல் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பயிற்சி முடிந்ததும் தானாகவே மிக்கேல் கடைக்குப் போய் வேலை கேட்டாள். அவர் கருகிக் கிடந்த ஒரு மிக்ஸி மோட்டாரை நீட்டினார். சாயங்காலம் அது பழைய குரலில் பாடியது. சில வருஷங்களில் அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இன்னொரு பெஞ்சு போடப்பட்டது. கிரைண்டர் அவருக்கு, மிக்ஸி அவளுக்கு, மோட்டார் என்றால் இரண்டு பேருக்கும் என்று வேலை பிரிந்துகொண்டது.

அது ஐப்பசி மாதம். விடியற்காலையில் பெய்த மழைத் தண்ணீர் கடை வாசல்வரை வந்து நின்றிருந்தது. நல்லூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த வெட் கிரைண்டரை மிக்கேல் சரிசெய்து, வழக்கம்போல வயரைச் சுவரில் செருகி ஓட விட்டார். கல் இரண்டு சுற்றுச் சுற்றியது. அதிர்வில் ஒரு தீக்குச்சி நழுவி விழ, ஒரு வயர் கழன்று தொங்கியது. கிரைண்டர் நின்றது.

"கழண்டுகிச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே மிக்கேல் குனிந்து, கழன்ற வயரின் முனையை விரலால் பிடித்தார்.

கழன்றது, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர். கரண்ட் வருகிற வயர் சுவரிலேயேதான் இருந்தது. மோட்டார் நின்றுவிட்டதே தவிர, கரண்ட் மோட்டாரின் சுருளுக்குள் புகுந்து, இந்தப் பக்கத்து முனைவரை வந்து காத்துக்கொண்டிருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற மிக்கேலின் கை அந்த வயரை இறுகப் பிடித்துக்கொண்டது. அவர் கத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரு மாதிரி உறுமல் மட்டும் வந்தது. முபீனா அவரைத் தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். மிக்கேல் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

பெரியாஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு விரல் நுனிகள் வெந்துபோயிருந்தன. புண் ஆறிவிட்டது. ஆனால் மிக்கேல் கடைக்கு வரவில்லை. முபீனா ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி அன்னமேரி அவளை அடுப்படிப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பேன் சுவிட்சக்கூட என்னத்தான் போடச் சொல்றாரு. போன்ல சார்ஜு போட மாட்டேங்கறாரு. ஊருக்கெல்லாம் மோட்டார் ஓட்டிக் குடுத்த மனுசன் முபீனா, கண்ணால பாக்க முடியல."

முபீனா கூடத்துக்கு வந்தாள். மிக்கேல் நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவர் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணே, கடைய நான் பாத்துக்கறேன். நீங்க எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாங்க" என்றாள்.

"சாவிய நீயே வச்சிக்கம்மா" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடையில் பிளக் இல்லாத மிக்ஸி ஒன்றை எடுத்தாள். வயரைச் சீவினாள். சுவர்ப் பக்கம் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றுவிட்டது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, அருவருப்பு. இத்தனை காலம் இதைத்தான் தொழில் என்று செய்துகொண்டிருந்தோமா என்றிருந்தது. மேசையிலிருந்த தீப்பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டாள். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் பிளக் ஒன்றைத் திருகி மாட்டி, சோதித்து, மறுபடி கழற்றினாள். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு சாமானுக்கு ஆறு திருகு திருகித் திருகி அவளுக்கும் அலுத்தது. அவசரத்தில் ஒரு திருகைத் தளர்வாக விட்டுவிட்டால் கதை மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அமீனுதீன் வீடியோ காலில் வந்தபோது இதைச் சொன்னாள்.

"எங்க ஒர்க்‌ஷாப்புல இதுக்குன்னே ஒரு பொட்டி இருக்குது" என்றார் அவர். "மொட்டை வயர கிளிப்புல வச்சி மூடிய மூடினாத்தான் கரண்டு வரும். தொறந்தா நின்னுடும். ஒண்ணு வாங்கி யார்கிட்டயாவது குடுத்தனுப்பட்டா?"

முபீனா தலையை ஆட்டி மறுத்தாள்.

"வேணாங்க. ஒண்ணு வந்தா என் கை பொழைக்கும். தெருவுல இருக்கறவங்க கையி? நானே செஞ்சி பாக்கறேன்."

"உன்னால ஆவுமா?"

"ஏன் ஆவாது?" என்று அவள் கேட்ட வேகத்தில், அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

யோசனை அவளுக்குப் பழைய பியூஸ் கட்டையிலிருந்து பிறந்தது. பீங்கான் கட்டையில் இரண்டு பள்ளம். அதில் பித்தளைக் கால் வைத்த கைப்பிடி ஒன்று உட்காரும். பிடியைப் பிடுங்கினால் கரண்ட் அறுந்துவிடும். பெட்டியின் மூடியே அந்தப் பிடியாக இருந்தால் என்ன? மூடியின் அடியில் இரண்டு பித்தளைப் பட்டைகள், ஒன்று கரண்ட் வயருக்கு, ஒன்று நியூட்ரலுக்கு. மூடினால் பட்டைகள் பள்ளத்தில் இறங்கி உள்ளே இருக்கும் கிளிப்புகளுக்குக் கரண்டைக் கொண்டுபோகும். திறந்தால் இரண்டும் ஒன்றாக வெளியே வந்துவிடும். மிக்கேலைப் பிடித்தது மிச்சமிருந்த ஒற்றை வயர்தானே. அதனால் இரண்டும் அறுபட வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். எர்த் வயர் மட்டும் எப்போதும் அறுபடாமல் இருக்கும்.

சிக்கல் பள்ளத்தில் இருந்தது. கடையில் விற்கிற பியூஸ் கட்டையின் பள்ளம் அகலம். மூடி திறந்திருக்கும்போது விரல் போனால் உள்ளே இருக்கும் கரண்டைத் தொட்டுவிடும். விரல் நுழையாத அளவுக்குக் குறுகலாகவும் ஆழமாகவும் பள்ளம் வைத்த பீங்கான் கட்டை எங்கும் விற்பனைக்கு இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஊரில்தான் அத்தனை பீங்கான் சூளை இருக்கிறதே. களிமண்ணால் மாதிரி ஒன்று பிடித்து எடுத்துக்கொண்டு செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனாள். அங்கே அம்புஜவல்லி என்பவர் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற சின்ன யூனிட் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். கடையின் சாமான்களுக்கு முபீனா அவரிடம்தான் வாங்குவாள்.

அம்புஜவல்லி மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குமா இவ்ளோ ஆழம்? அச்சுலேர்ந்து கழட்டும்போதே பிட்டுக்கும்."

முபீனா மிக்கேலுக்கு நடந்ததைச் சொன்னாள். அம்புஜவல்லி அதன் பிறகு ஆழத்தைப் பற்றிப் பேசவில்லை. "பிளாஸ்டர் அச்சுல ஊத்திப் பாக்கலாம். அடுத்த சூளைக்கு வச்சிடறேன்" என்றார்.

முதல் கட்டை சூளையிலிருந்து வந்தபோது பால் வெள்ளையாக, தொட்டால் வழுக்கிக்கொண்டு, பார்க்க அழகாக இருந்தது. பித்தளைப் பட்டைதான் உள்ளே இறங்கவில்லை. வேகும்போது மண் சுருங்கும் என்பது இருவருக்கும் தெரியும்; குறுகலான பள்ளம் இவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போடவில்லை. அடுத்ததில் பள்ளம் சரியாக வந்தது, பளபளப்புக்குப் பூசின கிளேஸ் உள்ளே வழிந்து உறைந்து அடைத்துக்கொண்டது. அதற்கடுத்தது நடுவில் விரிசல் விட்டது. முபீனாவுக்கு முகம் வாடிப்போனது. அம்புஜவல்லிக்கோ ரோஷம் வந்துவிட்டது.

"என்னா நெனச்சிக்கிட்டிருக்குது இந்தக் கட்ட? நான் சின்னப்புள்ளையிலேர்ந்து மண்ணு பெசையறவ. வராம எங்க போயிடும்?"

பள்ளத்துக்குள் மெழுகைத் தடவிவிட்டுக் கிளேஸ் பூசினார். மெழுகு பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டவில்லை. ஓரங்களைத் தடிமனாக்கினார். அந்த முறை சூளையிலிருந்து எடுத்த கட்டையில் பித்தளைப் பட்டை சொல்லிவைத்த மாதிரி இறங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது. அம்புஜவல்லி, பக்கத்து யூனிட்காரர்களைக் கூப்பிட்டு அந்த 'டக்'கை மறுபடி மறுபடி கேட்கச் செய்தார்.

கரண்ட் கடத்தாத ஹைலம் ஷீட்டில் பெட்டியும் மூடியும் அறுத்து முபீனா முதல் பெட்டியை முடித்தாள். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஸ்பிரிங் கிளிப். அமுக்கி வயரை வைத்து விட்டால் பற்றிக்கொள்ளும். வெளியே ஒரு குண்டு பல்பு, சோதிக்கிற சாமானோடு தொடராகச் சேரும்படி. சாமான் உள்ளே ஷார்ட்டாகியிருந்தால் பியூஸ் வெடிக்காது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்பு சரி என்று சொன்ன பிறகுதான் பல்பை விலக்கிவிட்டு நேர் கரண்ட்.

அதை எடுத்துக்கொண்டு மிக்கேல் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் வைத்து, அன்னமேரியின் மிக்ஸியை வாங்கி, அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு வயரைக் கிளிப்பில் வைத்து மூடினாள். மிக்ஸி ஓடியது. மூடியைத் திறந்தாள். நின்றது. மிக்கேல் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னொருக்கா தொற" என்றார்.

திறந்தாள்.

"நெருப்பு பறக்குது பாத்தியா?"

"கொஞ்சமாத்தாண்ணே..."

"மிக்ஸிக்குக் கொஞ்சம். தண்ணி மோட்டார ஓட வுட்டுத் தொறந்தா பட்ட கருகிப் போயிடும். தனியா ஒரு சுவிட்சு வையி. ரெண்டு வயரையும் ஒண்ணா அறுக்கற சுவிட்சு."

"சுவிட்ச நிறுத்தாம மூடியத் தொறந்துட்டா? ஆளு மறந்துடுவானே."

மிக்கேல் எழுந்துவிட்டார். மேசையைச் சுற்றி வந்து பெட்டியின் மேல் குனிந்தார். விரலை மூடியின் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"திருகுற சுவிட்சு. ஆன்ல இருக்கும்போது அதோட கைப்பிடி இப்டி மூடி மேல குறுக்க படுத்துக்கணும். ஆப் பண்ணிப் பிடியத் திருப்பினாத்தான் மூடியே தெறக்கும். அப்பறம் எப்டி மறப்பான்?"

அடுப்படி வாசலில் நின்ற அன்னமேரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரண்ட் பெட்டிக்கு மேலே குனிந்து நிற்கிறோம் என்பது மிக்கேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பின்வாங்கவில்லை. "டிரில்லு எங்க இருக்குது? கடையிலயா?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு முபீனாவுக்கு முன்னால் தெருவில் இறங்கினார்.

கைப்பிடி வைத்த பெட்டி தயாரானதும், ஊரிலுள்ள வைண்டிங் கடைக்காரர்கள் சங்கத்தின் கூட்டத்தில் அதைக் காட்டினார்கள். கூட்டம் மாதா கோயில் ஹாலில் நடந்தது. சங்கத் தலைவர் சாமிதுரை அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்பவர்.

முபீனா பெட்டியைப் பிளக்கில் மாட்டி, சுவர் சுவிட்சைப் போட்டாள். மூடி திறந்திருந்தது. டெஸ்டரைக் கிளிப்புகளில் வைத்துக் காட்டினாள், எரியவில்லை. கைப்பிடியை ஆனுக்குத் திருப்பி மறுபடி வைத்தாள், அப்போதும் எரியவில்லை. பிடியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, ஒரு வயல் மோட்டாரின் வயர்களைக் கிளிப்பில் கொடுத்து, மூடி, திருகினாள். மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. ஓடும்போதே மூடியை இழுத்துப் பாருங்கள் என்றாள். முன்வரிசையில் இருந்தவர் இழுத்தார். பிடி விடவில்லை. ஹாலில் சலசலப்பு எழுந்தது.

சாமிதுரை எழுந்தார். "எல்லாம் சரிதாம்மா. எவனாவது ரெண்டு கம்பிய வளச்சி அந்தப் பள்ளத்துல சொருவி, மூடி இல்லாமலே ஓட்டினா என்னா பண்ணுவ?"

"அவன நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள் முபீனா. "ஏமாத்தறவனுக்கு இந்தப் பொட்டி இல்ல. மறந்து போறவனுக்கு. நாம எல்லாரும் மறந்து போறவங்கதான."

மிக்கேல் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, வெந்து வடுவான தன் விரல்களால் வயர்களைக் கிளிப்பிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார், மூடினார், திருகினார். மோட்டார் ஓடியது. அவருக்கு என்ன நடந்தது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சாமிதுரை கிட்டே வந்து மூடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "மொதப் பொட்டி எனக்கு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் முபீனா வேகமாக நடந்தாள். துப்பட்டா தோளில் நிற்கவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அமீனுதீனுக்குப் போன் போட்டு, அவர் ஹலோ சொல்லும் முன்பே, "ஆயிடிச்சிங்க" என்றாள்.

பெட்டிகள் பரவின. கட்டைகளை அம்புஜவல்லி சுட்டார். மிக்கேலும் முபீனாவும் பெட்டி கட்டினார்கள். பெஞ்சில் கிரைண்டர் வேலையும் நடந்தது. மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிக் கட்டிய பிறகு பெட்டி ஒரு நிலைக்கு வந்தது. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. வாங்க வந்தவர்கள் "அந்த முபீனா பொட்டி" என்று கேட்க, அதுவே நின்றுவிட்டது.

போன மாசம் இதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள் முபீனா. கல்யாண வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. வீட்டுக்காரர்களோடு தானும் கிளம்பி, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பேர் பாரி. பெஞ்சின் மேல் அந்தப் பெட்டி. அவள் தன்னை மறந்து கிட்டே போய்க் கைப்பிடியைத் தொட்டாள்.

"யம்மா, யம்மா! அதத் தொடாதீங்க!" என்று பாரி ஓடிவந்தார். "அது முபீனா பொட்டி. மொதல்ல வயரு, அப்பறம் மூடி, கடசியாத்தான் கைப்பிடி. இந்த வரிச மாறினா ஓடாது. வெளையாட்டு சாமான் கெடையாதுங்க."

"முபீனான்னா யாருங்க?"

"விருத்தாசலத்துல ஒரு மெக்கானிக் அம்மா. கையில உசுர வச்சிக்கிட்டுத் தொழில் பண்ணிக்கிட்டிருந்தோம், அவங்க புண்ணியத்துல நிம்மதியா இருக்கறோம். நான் பாத்ததில்ல."

இதுபோன்ற இடத்தில் சும்மா சிரித்துவிட்டு நகர்ந்துபோகிறவர்கள் உண்டு. முபீனா அந்த ரகமில்லை. பட்டுப் புடவையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. நான்தான் அந்த முபீனா."

பாரி அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆமாம் என்றார். பாரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார், பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார்.

"கேளுங்க."

"மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்குது. மோட்டார் வேலைக்கு நடுவுல, கிரீஸ் கையோட தெறக்கச் சிரமமா இருக்குது."

முபீனா மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள். உண்மைதான்.

"ஸ்குரூ டிரைவர் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.